ஊறல் நீரும் உயிர் காத்த மருந்தும்

பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் யார் என்று எந்த வகுப்பறையில் கேட்டாலும் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்னும் விடை உடனே வந்துவிடும். 1928ஆம் ஆண்டு, இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனை, விடுமுறைக்குச் செல்லும்முன் ஒதுக்கி வைத்த கண்ணாடித் தட்டு, அதில் வந்து விழுந்த பூஞ்சை என்று கதையையும் மாணவர்கள் சேர்த்தே சொல்வார்கள். அப்படியானால் அம்மருந்து 1930ஆம் ஆண்டிலேயே மருத்துவமனைகளுக்கு வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை என்று அடுத்த வினாவைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நம்மிடமும் நெடுநாள் அதற்கு விடை இருந்ததில்லை.

தேடிப் படித்தபோது கிடைத்த விடை எளிமையானது. பூஞ்சைக்கு என்ன உணவு கொடுப்பது என்பது யாருக்கும் தெரியவில்லை. அது தெரிய வந்ததும் மூன்றே ஆண்டுகளில் கிராம் கணக்கில் கூடக் கிடைக்காத பொருள் பெருந்தொட்டிகளில் விளையத் தொடங்கியது. அந்த உணவும் விலையுயர்ந்த வேதிப்பொருளன்று. மக்காச்சோளத்தை ஊறவைத்து வடித்த, ஆலைகளுக்குத் தலைவலியாக இருந்த பழுப்பு நிறத் தண்ணீர். தமிழ் இலக்கியம் பயின்ற நாம் இவ்வரலாற்றில் நுழைவது துறை மீறலாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஒரு பெரும் உழைப்பை மறந்துவிடும் வழக்கம் இலக்கிய வரலாற்றுக்கும் பொதுவானதே. ஆகவே இதனைச் சொல்லும் உரிமை நமக்கும் உண்டு எனக் கருதுகிறோம்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வறுமை

ஃபிளெமிங் கண்டது, ஒரு பூஞ்சை சுரக்கும் சாறு சில நோய்க்கிருமிகளைக் கொல்கிறது என்னும் உண்மையை. அச்சாற்றிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. 1929இல் கட்டுரை வெளியிட்டபின் அவர் மெல்ல வேறு பணிகளுக்குத் திரும்பிவிட்டார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தின் சர் வில்லியம் டன் நோய்க்குறியியல் துறையில் அப்பணி மறுபடியும் உயிர் பெற்றது. அங்கே மூவரை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஒருவர் துறைத் தலைவரான ஆஸ்திரேலியர் ஹோவர்ட் ஃபுளோரி. இரண்டாமவர் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறிவந்த யூத வேதியியலாளர் எர்ன்ஸ்ட் செயின். மூன்றாமவர் நார்மன் ஹீட்லி. மூன்றாம் பெயரைப் பாடநூல்களில் காண்பது அரிது. பூஞ்சையை வளர்ப்பதும், அதன் சாற்றை வடிப்பதும், அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதும் அவருடைய பொறுப்புகள்.

1940 மே 25ஆம் நாள் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, நான்கிற்கு மட்டும் பெனிசிலினைக் கொடுத்துப் பார்த்தனர். மருந்து பெறாத நான்கும் இரவுக்குள் இறந்துபோக, பெற்ற நான்கும் விடியும்போது உயிரோடிருந்தன. அந்த இரவு முழுதும் ஆய்வகத்தில் விழித்திருந்து பார்த்தவர் ஹீட்லிதான். மருந்து வேலை செய்கிறது என்பதில் இனி ஐயமில்லை. ஆனால் ஓர் எலியைப் போல் ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு எடையுள்ள மனிதனுக்குக் கொடுக்க வேண்டிய மருந்துக்கு எங்கே போவது?

பூஞ்சையை அவர்கள் வளர்த்த நீர்மம், சர்க்கரையும் நைட்ரேட்டும் சில தாது உப்புகளும் கலந்த தெளிந்த கரைசல். பூஞ்சை அதன்மீது ஆடைபோல் படர்ந்து, மிகச் சிறிதளவு மருந்தை மட்டுமே கீழே சுரந்தது. ஹீட்லி பலவற்றைச் சேர்த்துப் பார்த்தார். வேறு சர்க்கரைகள், வேறு உப்புகள், இறைச்சிச் சாறு என அப்பட்டியல் நீண்டது. மதுவடிப்பில் பயன்படும் ஈஸ்டின் சாற்றைச் சேர்த்தபோது மருந்து சுரக்க ஆகும் நாள்கள் குறைந்தன. மருந்தின் அளவோ கூடவில்லை. விளைச்சலைக் கூட்ட முடியாதபோது வயலை விரிப்பதே வழி. போர்க்காலத்தில் கண்ணாடிக் கலங்கள் கிட்டவில்லை. பிஸ்கட் தகரங்கள், பால் கலங்கள், நோயாளிகளின் மலத்தட்டுகள் என்று கிடைத்தவற்றிலெல்லாம் பூஞ்சை வளர்த்தனர். மலத்தட்டின் வடிவமே மிகப் பொருத்தமாக இருந்ததால், அதனை ஒத்த பீங்கான் கலங்களை ஹீட்லி வரைந்து கொடுத்துச் செய்வித்தார். சாற்றை வடிக்க அவர் அமைத்த கருவிக்குச் சட்டமாக நின்றது, பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகம் கழித்துவிட்ட புத்தக அலமாரி. நூலை நேசிப்போர் இச்செய்தியைப் படித்து மகிழாமல் இருக்க முடியாது.

ஒரு காவலரின் மரணம்

1941 பிப்ரவரி 12ஆம் நாள் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் நாற்பத்து மூன்று வயதுக் காவலருக்கு அம்மருந்து செலுத்தப்பட்டது. ரோஜா முள் கீறிய சிறு காயத்தில் தொடங்கியதாகப் பல நூல்கள் கூறும். போர்க்குண்டு வீச்சின்போது ஏற்பட்ட காயம் என்பாரும் உளர். எவ்வாறாயினும் அவர் முகமும் தலையும் சீழ்க்கட்டிகளால் நிறைந்திருந்தன. ஒரு கண்ணை முன்பே அகற்றியிருந்தனர். மருந்து ஏறிய ஒரே நாளில் காய்ச்சல் தணியத் தொடங்கியது. பின்னர் அவர் உணவு கேட்டு உண்ணவும் தொடங்கினார்.

ஆனால் மருந்து ஐந்து நாள்களுக்கே இருந்தது. உடலில் செலுத்திய பெனிசிலினில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும் என்பதை அறிந்து, அக்காவலரின் சிறுநீரைச் சேகரித்து ஆய்வகத்திற்குக் கொண்டு சென்று, அதிலிருந்து மருந்தை மீட்டெடுத்து மறுபடியும் அவருக்கே செலுத்தினர். அதுவும் தீர்ந்தது. நோய் மீண்டும் தலைதூக்க, மார்ச் 15ஆம் நாள் அவர் இறந்துபோனார்.

எவ்வளவு குறைந்திருந்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மில்லிலிட்டர் சாற்றில் ஏறத்தாழ இரண்டு யூனிட் மருந்து இருந்தது. இந்த யூனிட் என்னும் அளவையே ஹீட்லி வகுத்ததுதான். பிற்காலத்தில் வழக்கமாகிவிட்ட பத்து லட்சம் யூனிட் ஊசி ஒன்றைச் செய்ய அந்தச் சாறு ஐந்து லட்சம் மில்லிலிட்டர், அதாவது ஐந்நூறு லிட்டர் வேண்டும். வடிக்கும்போது வீணாவதை இதில் நாம் சேர்க்கவில்லை. ஒரே ஒரு ஊசிக்கு ஐந்நூறு லிட்டர்! அக்காவலர் மருந்து இல்லாமல் இறக்கவில்லை. மருந்து போதாமல் இறந்தார்.

மக்காச்சோளச் சீமையில்

குண்டு வீச்சுக்கு ஆளாகியிருந்த பிரித்தானியாவில் பெரும் உற்பத்திக்கு வழியில்லை. 1941 ஜூன் இறுதியில் ஃபுளோரியும் ஹீட்லியும் பூஞ்சையுடன் விமானமேறி, லிஸ்பன் வழியாக நியூயார்க் சேர்ந்தனர். அங்கிருந்து ஒருவர் மற்றொருவரைக் காட்ட, ஜூலை 14ஆம் நாள் அவர்கள் வந்தடைந்த இடம் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகர். அங்கே அமெரிக்க வேளாண்மைத் துறையின் வட்டார ஆய்வகம் ஒன்று இருந்தது.

மருத்துவத்திற்கும் அந்த ஆய்வகத்திற்கும் தொடர்பே கிடையாது. 1930களில் விளைபொருள் குவிந்து விலை வீழ்ந்து உழவர்கள் நொடித்துப் போனதைக் கண்ட அரசு, மிகுதியாகும் விளைபொருளுக்குப் புதுப் பயன் காண்பதற்கென்று நிறுவிய நான்கு ஆய்வகங்களுள் அது ஒன்று. பியோரியாவைச் சுற்றி விளைவது மக்காச்சோளம். ஆகவே அங்கிருந்தோரின் சிந்தனையெல்லாம் மக்காச்சோளத்தையும் அதன் கழிவையும் சுற்றியே இருந்தது.

மக்காச்சோளத்திலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் ஆலைகளில் முதல் வேலை, மணியை ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான நீரில் ஊறவைப்பது. மணி மிருதுவாகிப் பிரிக்க எளிதாகும். நம் வீட்டில் இட்லிக்கு அரிசி ஊறவைக்கும்போது தண்ணீரில் ஏதோ இறங்கி நிறம் மங்குவதைப் பார்த்திருக்கிறோம். அங்கேயும் அவ்வாறே மணியிலுள்ள புரதக்கூறுகளும் தாதுக்களும் உயிர்ச்சத்துகளும் நீரில் இறங்குகின்றன. புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் அந்நீரில் பெருகி அதனைப் புளிப்பாக்குகின்றன. வடித்துச் சுண்டக் காய்ச்சினால் பாகு போன்ற பழுப்பு நீர்மம் எஞ்சும். இதனை நாம் சோள ஊறல் நீர் என்று குறிப்போம். அரிசி களைந்த கழுநீரை வீணாக்காமல் மாட்டுத் தொட்டியில் ஊற்றிய நம் முன்னோருக்கு இதன் அருமை விளங்கியிருக்கும். ஆலைக்காரர்களுக்கோ டன் கணக்கில் சேரும் அதனை என்ன செய்வதென்று விளங்கவில்லை. பியோரியா ஆய்வகம் அதற்குப் பயன் தேடி, தான் செய்த நொதித்தல் சோதனைகள் பலவற்றிலும் அதனை ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நொதித்தல் பிரிவின் தலைவர் இராபர்ட் காக்ஹில், ஹீட்லியுடன் பணிபுரிய ஆண்ட்ரூ மாயர் என்பவரை அமர்த்தினார். மாயர் முதலில் கரைசலிலிருந்த சாதாரணச் சர்க்கரைக்கு மாற்றாகப் பால் சர்க்கரையை, அதாவது லாக்டோஸைச் சேர்த்தார். விளைச்சல் கணிசமாகக் கூடியது. அடுத்துச் சோள ஊறல் நீரை ஊற்றினார். விளைச்சல் ஏறத்தாழப் பத்து மடங்கானது. ஆக்ஸ்ஃபோர்டில் கலங்களைப் பெருக்கிப் பெருக்கி அடைய முடியாததை ஒரு கழிவு நீர் அடையச் செய்தது.

அந்த ஆய்வகம் கோதுமை விளையும் சீமையில் இருந்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா என்று சிந்திக்காமல் இருக்க முடியவில்லை. ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்ததை நற்பேறு என்கிறோம். ஹீட்லி பியோரியாவுக்கு அனுப்பப்பட்டதும் அதற்குச் சற்றும் குறையாத நற்பேறு.

தீனி மாறினால் மருந்தும் மாறும்

பால் சர்க்கரை ஏன் உதவியது என்பதற்குப் பின்னர் விளக்கம் கிடைத்தது. குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரை தாராளமாகக் கிடைக்கும்போது பூஞ்சை அதனை விரைந்து உண்டு உடலைப் பெருக்கிக்கொள்கிறது; மருந்து சுரக்கும் வேலையை ஒத்திப் போடுகிறது. பால் சர்க்கரையை அதனால் மெதுவாகத்தான் உண்ண முடியும். அந்த அரைப்பட்டினியில் வளர்ச்சி தளர, மருந்து சுரக்கிறது. இதனைப் புரிந்துகொண்ட பிற்காலத்தார் பால் சர்க்கரையைக் கைவிட்டு, மலிவான குளுக்கோஸையே சொட்டுச் சொட்டாக ஊற்றி அதே விளைவைப் பெற்றனர்.

சோள ஊறல் நீரின் கதை இன்னும் வியப்பானது. அது பூஞ்சைக்கு ஊட்டம் கொடுத்ததோடு நிற்கவில்லை, மருந்தையே மாற்றிவிட்டது. பெனிசிலின் மூலக்கூற்றை ஓர் உடலும் ஒரு வாலும் உடையதாகக் கருதிக்கொள்வோம். உடலைப் பூஞ்சை தானே கட்டுகிறது. வாலுக்கோ கைக்குக் கிடைத்த பொருளைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக் கரைசலில் விளைந்த பெனிசிலினின் வால் ஒரு வகை. பியோரியாவில் விளைந்ததன் வால் வேறொரு வகை. முன்னதற்கு எஃப் என்றும் பின்னதற்கு ஜி என்றும் பின்னர் பெயரிட்டனர். ஊறல் நீரில் பினைல் அசெட்டிக் அமிலமும் அதனையொத்த பொருள்களும் இருந்தன. பூஞ்சை அவற்றை எடுத்து வாலாக ஒட்டிக்கொண்டது. இதை அறிந்ததும் அந்த அமிலத்தைத் தனியாகவே கரைசலில் சேர்த்தனர். விளைச்சல் மேலும் உயர்ந்தது. இன்றும் மருத்துவர்கள் ஊசியில் செலுத்தும் பெனிசிலின் ஜி, சோளத்தண்ணீர் குடித்த பூஞ்சை தேர்ந்தெடுத்த வடிவமே.

பெனிசிலின் ஜி இரைப்பை அமிலத்தில் அழிந்துவிடும். ஆகவே ஊசி தவிர வேறு வழியில்லை. 1951 அளவில் ஆஸ்திரியாவின் குண்டில் என்னும் ஊரில், பழைய மதுவடிப்பாலை ஒன்றில் அமைந்திருந்த மருந்து நிறுவனத்தில், வேண்டாத கிருமிகள் தொட்டியில் புகாமலிருக்க ஃபீனாக்ஸி எத்தனால் என்னும் பொருளைச் சேர்த்தனர். பூஞ்சை அதையும் விட்டுவைக்கவில்லை, மாற்றி வாலாக்கிக்கொண்டது. விளைந்த பெனிசிலின் அமிலத்தைத் தாங்கியது. வாயால் விழுங்கத்தக்க பெனிசிலின் வி இவ்வாறு புழக்கத்திற்கு வந்தது.

மூன்றாவது நிகழ்ச்சியில் பாடம் தலைகீழாகிறது. 1957இல் இங்கிலாந்தின் பீச்சம் நிறுவன ஆய்வாளர்கள், வாலுக்குரிய பொருளைச் சேர்க்காமல் வளர்த்த கரைசலில் ஒரு கணக்கு உதைப்பதைக் கண்டனர். வேதியியல் அளவீடு காட்டிய பெனிசிலினின் அளவுக்கு, கிருமியைக் கொல்லும் திறன் இல்லை. வால் இல்லாத வெறும் உடல் கரைசலில் மிதந்துகொண்டிருந்ததே அதற்குக் காரணம். அவ்வுடலைப் பிரித்தெடுத்து, வேண்டிய வாலை மனிதரே ஒட்டிக்கொள்ளும் வழி அதனால் பிறந்தது. மெத்திசிலின், ஆம்பிசிலின் முதலியவை அவ்வழியில் வந்தவை. சேர்த்தபோது ஒரு மருந்தும், சேர்க்காமல் விட்டபோது ஒரு மருந்துக் குடும்பமும் கிடைத்தன.

கலத்திலிருந்து தொட்டிக்கு

உணவு சீரானதும் மற்றவை வேகமாக நடந்தன. இன்னும் நன்கு சுரக்கும் பூஞ்சையைத் தேடிய பியோரியா ஆய்வகத்திற்கு, 1943இல் உள்ளூர்ப் பழச்சந்தையில் கிடைத்த அழுகிய முலாம்பழம் ஒன்றிலிருந்து சிறந்த இனம் அகப்பட்டது. எக்ஸ் கதிராலும் புற ஊதாக் கதிராலும் அதன் வழித்தோன்றல்களை மாற்றி மேலும் திறன் கூட்டினர். சிட்ரிக் அமிலத்தை நொதித்தல் முறையில் செய்து பழகிய ஃபைசர் நிறுவனம், புரூக்ளினில் ஒரு பழைய பனிக்கட்டித் தொழிற்சாலையை மாற்றியமைத்து 1944 மார்ச்சில் ஆழ்தொட்டி ஆலையைத் திறந்தது. அதில் 7,500 காலன் கொள்ளும் தொட்டிகள் பதினான்கு இருந்தன.

அமெரிக்காவில் விளைந்த பெனிசிலின் 1943இல் 2,100 கோடி யூனிட். 1944இல் 1,66,300 கோடி யூனிட். 1945இல் 6,80,000 கோடி யூனிட்டுக்கு மேல். 1944 ஜூனில் நேசப் படைகள் நார்மண்டியில் கரையிறங்கியபோது காயமுற்றோருக்கு வேண்டிய மருந்து கையிருப்பில் இருந்தது. ஒரு காவலருக்குப் போதாதிருந்த நாள் கழிந்து மூன்றாண்டுகளும் சில திங்களுமே ஆகியிருந்தன.

யாருடைய பெயர்?

இவ்விடத்தில் ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். பியோரியாவில் மாயரும் ஹீட்லியும் சேர்ந்து பணிபுரிந்தனர். 1941 டிசம்பரில் ஹீட்லி அங்கிருந்து சென்றார். அதன்பின் மாயர் வெளியிட்ட ஆய்வு முடிவுகளில் ஹீட்லியின் பெயர் இடம்பெறவில்லை. பெனிசிலினைப் பேரளவில் விளைவிக்கும் முறைக்கான அமெரிக்கக் காப்புரிமை 1948இல் மாயர் பெயரில் வழங்கப்பட்டது. மருத்துவக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறுவது முறையன்று என்று பிரித்தானிய அறிவியல் தலைவர்கள் கருதியிருந்ததால், செயின் வற்புறுத்தியும் ஆக்ஸ்ஃபோர்டு அதற்கு முயலவில்லை.

1945இல் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. பரிசை மூவருக்குமேல் பகிர இயலாது என்பது விதி. எலியோடு இரவைக் கழித்தவரும் கலத்தை வரைந்தவரும் அளவையை வகுத்தவருமான ஹீட்லி வெளியே நின்றார். 1990இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு மருத்துவ முனைவர் பட்டம் அளித்தது. அதன் எண்ணூறு ஆண்டு வரலாற்றில் மருத்துவர் அல்லாத ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. 2004இல் தம் தொண்ணூற்று இரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.

மாயரையும் நாம் பழிக்க விரும்பவில்லை. சோள ஊறல் நீரை ஊற்றிய கை அவருடையதுதான். ஆனால் விதையைக் கண்டவனுக்குக் கிடைக்கும் புகழ் அதற்கு எருவிட்டவனுக்குக் கிடைப்பதில்லை என்பதும், எருவிட்டவர்களுக்குள்ளும் ஒருவர் பெயர் மற்றவர் பெயரை மூடிவிடுகிறது என்பதும் இவ்வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றன.

மண்வாசனைக் கிருமிகள்

பெனிசிலின் பூஞ்சை தருவது. அதனையடுத்து வந்த மருந்துகளுள் மிகப் பல பாக்டீரியாக்கள் தந்தவை. அவற்றுள்ளும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண்வாழ் இனமே முதன்மையானது. முதல் மழையில் எழும் மண்வாசனையை நாம் எவ்வளவோ பாடியிருக்கிறோம். அவ்வாசனைக்குப் பெரிதும் காரணமான பொருளைச் சுரப்பது இவ்வினமே. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943இல் இதிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்தார். காசநோயை எதிர்த்த முதல் நுண்ணுயிர்க்கொல்லி அது.

இங்கும் தீனியின் கதை தொடர்ந்தது. தொடக்கத்தில் இறைச்சிச் சாற்றில் வளர்த்த இக்கிருமிக்குப் பின்னர் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சோயாப் புண்ணாக்கு மலிவான, நல்ல தீனியாக அமைந்தது. கறவை மாட்டுக்குப் புண்ணாக்கு வைத்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. இவ்வினக் கிருமிகள் பி12 உயிர்ச்சத்தையும் ஆக்க வல்லவை. நீர்மத்தில் இம்மியளவு கோபால்ட் சேர்த்தால் அவ்விளைச்சல் கூடியது. பி12 மூலக்கூற்றின் நடுவிலேயே கோபால்ட் அணு ஒன்று அமர்ந்திருப்பதால் அது வேண்டியதாயிற்று.

இக்கிருமிகள் ஏன் மருந்து சுரக்கின்றன? இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் நம்மை மிகக் கவர்ந்தது 2008இல் நெதர்லாந்து, பெல்ஜிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. மண்ணில் இழைஇழையாய்ப் படர்ந்து வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ், உணவு தீர்ந்ததும் தன் பழைய இழைகளையே கரைத்து, அச்சத்தைக் கொண்டு அடுத்த தலைமுறைக்கான வித்துகளை ஆக்குகிறது. அப்போது அதன் செல்சுவர் சிதைந்து அசெட்டைல் குளுக்கோசமின் என்னும் சர்க்கரை வகை வெளிப்படுகிறது. அதே சர்க்கரையை ஆய்வாளர்கள் வெளியிலிருந்து சேர்த்துப் பார்த்தனர். வறிய நீர்மத்தில் சேர்த்தபோது கிருமி மருந்தைச் சுரந்தது. வளமான நீர்மத்தில் சேர்த்தபோது சுரப்பதை நிறுத்தியது. ஒரே பொருள் வறுமையில் ஆயுதம் எடு என்றும் செழிப்பில் வளர்ந்துகொள் என்றும் இருவேறு கட்டளைகளாகிறது. 2002இல் இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு கிருமியின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, அது சுரந்து நாம் கண்டிருந்த சிலவற்றையும் சேர்த்து, இதுபோன்ற பொருள்களை ஆக்கும் மரபணுத் தொகுப்புகள் இருபதுக்கு மேல் இருப்பது தெரிந்தது. உறங்கும் அவற்றை எந்த உணவால் எழுப்பலாம் என்பதே புதிய மருந்து தேடுவோரின் முன் நிற்கும் வினாக்களுள் ஒன்று.

தீனிக்கு மருந்து

இக்கதை இவ்வளவில் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

1948இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம் ஆரியோமைசினை வெளியிட்டது. முதுமையில் அங்கே பணியாற்றிய பெஞ்சமின் டக்கர், மிசௌரி மண்ணிலிருந்து பிரித்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனம் ஒன்று தந்த மருந்து அது. அப்போது லெடர்லியின் ஆய்வுத் தலைவராக இருந்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக் கடல் கடந்தவர். அவர் அவ்வாண்டே மறைந்தார்.

ஆரியோமைசினை வடித்தபின் தொட்டியில் கிருமியின் சக்கை எஞ்சியது. அதில் பி12 உயிர்ச்சத்து இருக்கும் என்று கருதி, அதே நிறுவனத்தின் தாமஸ் ஜூக்ஸும் இராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் கோழிக்குஞ்சுகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்தனர். குஞ்சுகள் பி12 மட்டும் தந்திருக்கக்கூடிய அளவையும் கடந்து கொழுத்தன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்தே காரணம் என்பது புலப்பட்டது. 1950இல் செய்தி வெளிவந்தது. 1951இல் கால்நடைத் தீனியில் நுண்ணுயிர்க்கொல்லியைக் கலக்க அமெரிக்க அரசு இசைந்தது. நோயில்லாத விலங்குகளுக்கு, எடை கூடுவதற்காகவே, நாள்தோறும் சிறிதளவு மருந்து!

சிறிதளவு மருந்து கிருமியைக் கொல்லாது; தாங்கப் பழக்கும். போதிய அளவில் கொடாவிட்டால் கிருமிகள் மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளும் என்று 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே ஃபிளெமிங் எச்சரித்திருந்தார். 1969இல் பிரித்தானியாவின் ஸ்வான் குழு தீனியில் மருந்து கலப்பதைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகக் கலப்பதை 2006 ஜனவரி முதல் முற்றிலும் தடை செய்தது. மனித மருத்துவத்தின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்றான கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது. அந்த 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் என்று 2022இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் மருந்தைத் தேடிச் செல்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். பத்துக் குறள்களில் பெரும்பாலானவை உணவையும் அதன் அளவையும் பற்றியே பேசும். வகுப்பில் அதனை நடத்தும்போது, தலைப்புக்கும் பொருளுக்கும் தொலைவு இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பெனிசிலினின் வரலாற்றைப் படித்தபின் அவ்வினாவுக்கு இன்னொரு விடையும் நம்மிடம் இருக்கிறது. பூஞ்சைக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று அறிந்த அன்று மருந்து பிறந்தது. அதே மருந்தைக் கோழிக்கும் பன்றிக்கும், வெறும் சளிக்காய்ச்சலுக்குத் தாமாகக் கடையில் வாங்கி விழுங்கும் மனிதருக்கும் அளவறியாது கொடுக்கத் தொடங்கியதும் அதன் ஆற்றல் தேயலாயிற்று. 1941இல் ஒரு காவலர் மருந்து தீர்ந்துபோனதால் இறந்தார். இன்று கையில் மருந்து நிறைய இருக்கவே அது பயன்படாமல் இறப்போர் இருக்கின்றனர்.